தனித்தொட்டியில் 14 நாள் வைத்தும் தப்பி வந்த ஒட்டுண்ணிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

புதிய மீன்களைத் தனியாக வைத்துக் கவனித்துவிட்டுத்தான் பெரிய தொட்டியில் விட வேண்டும் என்பது மீன் வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த நிகழ்வில் தொட்டிக்காரர் அதைச் செய்தார். தனித்தொட்டி வைத்தார், 14 நாள் காத்திருந்தார், ஒரு வெள்ளைப் புள்ளிகூடத் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டார். அதற்குப் பிறகும் ஒன்றல்ல, இரண்டு ஒட்டுண்ணிகள் பெரிய தொட்டிக்குள் வந்தன. விதியை மீறியவருக்கு நோய் வந்தால் அதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. விதியைக் கடைப்பிடித்தவருக்கு வந்திருக்கிறது என்பதால்தான் இதை முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

தொட்டியும் மீன்களும்

200 லிட்டர் நன்னீர்த் தொட்டி. செடிகள் அடர்ந்தது, ஒரு வருடத்துக்கும் மேலாக நிலையாக ஓடுவது. ஹீட்டர் 26 டிகிரியில் இருந்தது. 14 கார்டினல் டெட்ரா, 5 ஸ்டெர்பாய் கோரிடோரஸ், ஒரு ஜோடி ஏஞ்சல். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். இடைப்பட்ட காலத்தில் புதிய மீனோ செடியோ எதுவும் சேர்க்கப்படவில்லை. இந்தத் தகவல் பின்னால் முக்கியமாகிறது.

சேர்க்கப்பட்டவை 6 க்ளவுன் லோச், ஒவ்வொன்றும் சுமார் 5 செ.மீ. இந்த மீன் 30 செ.மீ. வரை வளரக்கூடியது. 200 லிட்டர் அதற்குத் தற்காலிக வீடுதான் என்பதைத் தொட்டிக்காரரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். அதைவிட இங்கே முக்கியமான விஷயம் வேறு. க்ளவுன் லோச்சின் பூர்விகம் போர்னியோ, சுமத்ரா தீவுகளின் ஆறுகள். இவற்றில் பலவும் ஆற்றில் பிடிக்கப்பட்டு, பல கைகள் மாறி, பல தொட்டிகளில் நெரிசலாக இருந்துவிட்டுத்தான் நம்மிடம் வருகின்றன. செதில்கள் மிக நுண்ணியவை. தோல் கிட்டத்தட்டத் திறந்து கிடப்பது போலத்தான். வெள்ளைப் புள்ளி நோய்க்கு முதலில் விழுகிற மீன்களில் இதுவும் ஒன்று என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இவை எல்லாமே காரணம்.

தனித்தொட்டி 40 லிட்டர். அடியில் சரளை இல்லை, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு குழாய்த் துண்டுகள். அமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹீட்டர் மட்டும் வைக்கவில்லை. தண்ணீர் பகலில் 21, 22 டிகிரி, இரவில் அதற்கும் கீழே. முதல் மூன்று நாள் முன்னெச்சரிக்கையாக ஒரு பொது மருந்தைப் பாதி அளவு ஊற்றியிருக்கிறார். மெத்திலீன் புளூவும் மாலகைட் கிரீனும் கலந்த வகை அது.

என்ன நடந்தது

பெரிய தொட்டியில் விட்ட ஐந்தாம் நாள் லோச்சுகள் மரக்கட்டையில் உடம்பை உரச ஆரம்பித்தன. மறுநாள் இரண்டு லோச்சுகளின் கருப்புப் பட்டையில் உப்புத் தூள் தூவியது போலப் புள்ளிகள். அதற்கு மூன்று நாள் கழித்து டெட்ராக்களின் துடுப்பிலும் ஏஞ்சலின் வால் விளிம்பிலும் தெரிந்தன. அன்றிரவு ஒரு லோச் இறந்தது. அதன் மேல் மொத்தமே நாலைந்து புள்ளிகள்தான் இருந்தன.

அந்த நாலைந்து புள்ளி தொட்டிக்காரரைக் குழப்பியது. இவ்வளவு குறைவான புள்ளிக்கு மீன் சாகுமா என்று கேட்டார். சாகும். இந்த நோயில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் செவுள். தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமல் செவுள் மட்டும் நிறையப் பாதிக்கப்பட்டு மூச்சுத் திணறிச் சாகிற மீன்கள் உண்டு. உயிரோடு இருக்கும் மீனின் செவுளை நாம் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாகப் பார்க்கக் கூடியது செவுள் மூடியின் அசைவு.

அதனால் தனித்தொட்டியில் இருந்தபோது எடுத்த கைப்பேசி வீடியோக்கள் ஏதாவது உண்டா என்று கேட்டேன். புதிய மீன் வாங்கினால் எல்லோரும் எடுக்கிறோம், அவரும் எடுத்திருந்தார். ஒன்பதாம் நாள் வீடியோவில் ஒரு லோச் குழாய்த் துண்டின் வாயில் நிற்கிறது. வலது செவுள் மூடி வேகமாகத் திறந்து மூடுகிறது, இடது மூடி உடம்போடு ஒட்டியே இருக்கிறது. சில விநாடி கழித்து ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குழாயில் உடம்பைப் பக்கவாட்டில் ஒரு முறை உரசிவிட்டுப் போகிறது. இது நாற்பது விநாடி வீடியோ. ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சு விடுவது செவுளில் ஏதோ உறுத்துகிறது என்பதற்கு நல்ல அடையாளம். அறிகுறி அங்கேயே இருந்திருக்கிறது. ஆனால் தேடப்பட்டது வெள்ளைப் புள்ளி மட்டும்.

14 நாள் ஏன் போதவில்லை

வெள்ளைப் புள்ளி நோயைத் தருவது இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒருசெல் உயிரி. 1876இல் ஃபூக்கே இதை விவரித்துப் பெயரிட்டார். மீன்காரர்கள் சுருக்கமாக ‘இக்’ என்பார்கள். இதன் வாழ்க்கையில் மூன்று கட்டங்கள். மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று வளர்வது முதல் கட்டம். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி இதுதான். வளர்ந்ததும் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியேறி, தொட்டியின் அடியிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் கூடு கட்டிக்கொள்வது இரண்டாவது. அந்தக் கூட்டுக்குள் அது இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிந்துகொண்டே போகும். ஒரே கூட்டிலிருந்து ஆயிரம் வரை குஞ்சுகள் வரலாம். அவை வெளியே வந்து நீந்தி மீனைத் தேடுவது மூன்றாவது கட்டம். வெதுவெதுப்பான தொட்டியில் இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துப்போகும்.

மருந்தோ உப்போ வேலை செய்வது மூன்றாவது கட்டத்தில் மட்டுமே. தோலுக்கு அடியில் இருப்பதை மருந்து தொடாது, கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. அதனால் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் தவறான அளவுகோல். புள்ளிகள் திடீரென்று மறைந்துவிட்டால் பலர் குணமாகிவிட்டது என்று மகிழ்கிறார்கள். அவை மீனை விட்டு இறங்கி அடியில் கூடு கட்டப் போயிருக்கின்றன, அவ்வளவுதான். அடுத்த அலை வரும்போது புள்ளிகளின் எண்ணிக்கை பல மடங்காக இருக்கும்.

இனி வெப்பம். 24 முதல் 26 டிகிரியில் இந்தச் சுற்று மூன்றிலிருந்து ஆறு நாளில் முடிந்துவிடும். 7 டிகிரிக்கும் கீழே அதே சுற்றுக்கு ஐந்து வாரத்துக்கும் மேல் ஆகும். தனித்தொட்டி இருந்த வெப்பத்தில் 14 நாளில் இரண்டு சுற்றுக்கு மேல் போயிருக்காது. முதல் சுற்றின் நீந்தும் குஞ்சுகளில் ஒரு பகுதியைப் பாதி அளவு மருந்து கொன்றிருக்கும். அடியில் சரளை இல்லாத தொட்டியில் தினமும் கழிவை உறிஞ்சி எடுத்ததில் கூடுகள் பலவும் வெளியே போயிருக்கும். மிச்சமிருந்த கொஞ்சம் செவுளில் தங்கிவிட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு அந்த மீன்கள் 26 டிகிரித் தொட்டிக்கு வந்தன. இடம் மாறிய பதற்றம், பழைய மீன்களின் விரட்டல், சரளையும் செடியும் தந்த ஒட்டுமிடங்கள், வேகமான சுற்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன.

தனித்தொட்டிக் காலத்தை நாட்களில் எண்ணக் கூடாது, சுற்றுகளில் எண்ண வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பெரிய தொட்டியின் வெப்பமே தனித்தொட்டிக்கும் இருக்க வேண்டும். குளிர்ந்த தனித்தொட்டியில் ஒரு மாதம் வைத்தாலும் அது கணக்கில் பாதி மாதம்தான். அதைப் போலவே, அரைகுறை மருந்து போட்டுக்கொண்டே கவனிப்பதும் வீண். ஒட்டுண்ணி வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் காத்திருக்கிறோம். அதை அமுக்கி வைத்துவிட்டு, தெரியவில்லையே என்று நிம்மதியடைவதில் பொருள் இல்லை.

வேறு வழியில் வந்திருக்க முடியாதா?

பெரிய தொட்டியில் வேறு புதிய மீனோ செடியோ சேர்க்கவில்லை என்பதால் மீதமிருந்த இரண்டு சாத்தியங்களைப் பரிசீலித்தோம். ஒன்று, இரண்டு தொட்டிக்கும் ஒரே வலையைப் பயன்படுத்தியிருக்கிறார். ஈர வலை வழியாகத் தொற்று பரவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வலைதான் வழி என்றால், லோச்சுகள் தனித்தொட்டியில் இருந்த காலத்திலேயே பெரிய தொட்டியின் மீன்களில் புள்ளி தெரிந்திருக்க வேண்டும். அங்கே 26 டிகிரி, சுற்று ஆறு நாளுக்கும் குறைவு. அப்படி எதுவும் தெரியவில்லை.

இரண்டாவது, ‘இக் எல்லாத் தொட்டியிலும் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும், மீன் பலவீனமானால் எழுந்துகொள்ளும்’ என்று பரவலாகச் சொல்லப்படுவது. இது சரியல்ல. மீன் இல்லாமல் இந்த உயிரி மாதக்கணக்கில் தூங்காது. ஆனால் ஒருமுறை நோய் வந்து பிழைத்த மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்பு சக்தி வந்துவிடும். அப்படிப்பட்ட மீன்களின் செவுளில் ஒன்றிரண்டு ஒட்டுண்ணி வெளியே தெரியாமல் சுற்றை ஓட்டிக்கொண்டிருக்க முடியும். இந்தத் தொட்டியில் பழைய மீன்கள் எப்போதாவது அந்த நோயைப் பார்த்ததாகத் தொட்டிக்காரருக்கு நினைவில்லை. அவை லோச்சுக்குப் பிறகு புள்ளி காட்டியதும், டெட்ராக்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதும் அவற்றுக்கு முன் எதிர்ப்பு இல்லை என்பதையே காட்டுகின்றன. லோச் எளிதில் விழும் மீன் என்பதால் வரிசை மட்டும் போதுமான சான்றாகாது. ஒன்பதாம் நாள் வீடியோவையும் சேர்த்துப் பார்த்தால் லோச்சோடுதான் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

முதல் சிகிச்சை

மருந்துக் கடையில் கிடைக்கும் முதல் புட்டியை முழு அளவில் ஊற்றுவது எளிது. ஃபார்மலின், மாலகைட் கிரீன் கலவை இந்த நோய்க்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் லோச்சும் கோரிடோரஸும் மாலகைட் கிரீனை எளிதில் தாங்காது. பாதி அளவே பாதுகாப்பு என்பார்கள். ஃபார்மலின் தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும், செவுள் ஏற்கெனவே கெட்டுப்போன மீனுக்கு அது இரட்டை அடி. மாலகைட் கிரீன் புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள சாயம், உணவு மீன்களில் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன, வெறும் கையால் தொடக் கூடாது. தாமிரம் பற்றியும் கேட்டார். மென்மையான நீரில் தாமிரம் மீனையே கொன்றுவிடும், அளவிடும் கிட் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம் என்றேன்.

தேர்ந்தெடுத்தது வெப்பமும் உப்பும். இதற்கு மீன்களின் கலவை சாதகமாக இருந்தது. லோச், கார்டினல், ஏஞ்சல் எல்லாம் வெதுவெதுப்பை விரும்புபவை. கோரிடோரஸில் பல வகைகள் 30 டிகிரியில் தவிக்கும், ஸ்டெர்பாய் தாங்கும். வேறு வகையாக இருந்திருந்தால் நான் வேறு வழியைத்தான் சொல்லியிருப்பேன்.

செடிகளை முதலில் எடுத்துவிட்டோம். வாலிஸ்நேரியா போன்றவை உப்பில் கருகிவிடும். செடிகளை மீன் இல்லாத வாளியில், வெதுவெதுப்பான இடத்தில், விளக்கடியில் வைத்தார். அதில் ஒட்டியிருக்கும் கூடுகள் வெடித்தாலும் குஞ்சுகளுக்கு ஏறிக்கொள்ள மீன் இல்லை, இரண்டு வாரத்துக்குப் பிறகு செடிகள் பாதுகாப்பானவை.

பிறகு தண்ணீரின் உண்மையான அளவைக் கணக்கிட்டோம். 200 லிட்டர் தொட்டி என்றால் 200 லிட்டர் தண்ணீர் இல்லை. சரளை, மரக்கட்டை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக இருந்தது 170 லிட்டர். லிட்டருக்கு 2 கிராம் என்ற கணக்கில் 340 கிராம் உப்பு, வேறு எந்தப் பொருளும் கலக்காத சாதாரண உப்பு. அதை ஒரே நேரத்தில் கொட்டாமல் மூன்று பங்காக்கி, தனியே கரைத்து, ஒன்றரை நாளில் சேர்த்தார். தினமும் சரளையை உறிஞ்சி 40 லிட்டர் தண்ணீர் மாற்றினார். மாற்றும் தண்ணீருக்கு மட்டும், அதாவது 80 கிராம் உப்பு, திரும்பச் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் முழு அளவைச் சேர்த்து ஒரு வாரத்தில் உப்பை மூன்று மடங்காக்கிவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீருக்கும் உப்பு தேவையில்லை. உப்பு ஆவியாகாது.

ஹீட்டரைப் பல மணி நேர இடைவெளியில் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி 30க்குக் கொண்டுவந்தார். 30 டிகிரிக்கு மேலே இந்த ஒட்டுண்ணியின் பெரும்பாலான வகைகளால் பெருக முடியாது. ஆனால் சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். அதனால் இரண்டு ஏர் ஸ்டோன் கூடுதலாகப் போட்டோம். வெப்பம் ஏறும்போது காலம்னாரிஸ் பாக்டீரியா தீவிரமாகும் என்பதால் வாய் ஓரத்திலும் முதுகிலும் பஞ்சு போன்ற வெண்படலம் வருகிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்கச் சொன்னேன். வரவில்லை.

முதல் நான்கு நாளில் இன்னொரு லோச்சும் 3 டெட்ராவும் இறந்தன. இது எதிர்பார்த்ததுதான். அந்த மீன்களின் உடம்பில் ஏற்கெனவே ஏறிவிட்ட ஒட்டுண்ணிகளை நாம் எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு இழப்பு நின்றது. ஏழாம் நாளில் கடைசிப் புள்ளி மறைந்தது. அன்றே நிறுத்த வேண்டாம், இன்னும் பத்து நாள் அப்படியே ஓடட்டும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

புள்ளி போன பிறகும் உரசல்

அந்தப் பத்து நாளும் முடிந்தன. தண்ணீர் மாற்றி மாற்றி உப்பைப் பாதிக்கும் கீழே இறக்கினார், வெப்பம் 26க்கு வந்தது. ஆனால் லோச்சுகள் உரசுவதை நிறுத்தவில்லை. ஏஞ்சலும் அவ்வப்போது வடிகட்டிக் குழாயில் உரசியது. “அண்ணா, புள்ளியே இல்லை, மீன் நல்லா சாப்பிடுது. ஆனா இன்னும் உரசிக்கிட்டே இருக்கே, மறுபடியும் உப்பு போடட்டுமா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான தொட்டிகள் கெடுகின்றன. அறிகுறி தொடர்ந்தால் அதே மருந்தை இன்னும் அதிகம் போடுவது, பிறகு வேறொரு மருந்து, பிறகு இரண்டையும் சேர்த்து. உரசலுக்குக் காரணங்கள் பல. அம்மோனியா இருக்கலாம், ஃபில்டரின் பாக்டீரியா அடிபட்டிருக்கலாம், உப்பே உறுத்தலாம், ஒட்டுண்ணி வெளியேறிய காயங்கள் ஆறிக்கொண்டிருக்கலாம். தண்ணீரைச் சோதித்தார், அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். உப்பு குறைந்த பிறகும் உரசல் குறையவில்லை. காயம் ஆறுவதாக இருந்தால் நாளாக ஆகக் குறைய வேண்டும், இது அப்படியே இருந்தது. இனி ஊகித்துப் பயனில்லை என்று மைக்ரோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

லோச்சை வலையில் பிடிக்கக் கூடாது. அதன் கண்ணுக்குக் கீழே மடக்கி நீட்டக்கூடிய முள் ஒன்று இருக்கிறது, பயந்தால் நிமிர்த்திக்கொள்ளும், வலையில் சிக்கிக் கிழியும். குழாய்த் துண்டோடு சேர்த்து ஒரு டப்பாவில் எடுத்தோம். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் லேசாக மயங்கியதும், மார்புத் துடுப்புக்குப் பின்னால் கண்ணாடிச் சில்லின் விளிம்பால் தலையிலிருந்து வால் நோக்கி ஒரே ஒரு முறை மெல்ல வழித்தேன். கிடைத்தது கொஞ்சம் சளி. அதைத் தொட்டித் தண்ணீரின் ஒரு சொட்டில் வைத்து மூடி உடனே பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் ஒட்டுண்ணி செத்துவிடும். செத்து அசையாமல் கிடப்பதைத் தோல் செல்களிலிருந்து பிரித்தறிவது கடினம்.

40 மடங்கு பெருக்கத்திலேயே தெரிந்தது. ஒளி ஊடுருவும் நீண்ட உடல், ஒரு நுனியை ஊன்றிக்கொண்டு மறு நுனியை நீட்டியும் சுருக்கியும் நாலாபுறமும் துழாவிக்கொண்டிருந்தது. பெருக்கத்தைக் கூட்டினால் ஊன்றிய நுனியில் நடுவே இரண்டு பெரிய கொக்கிகள், சுற்றிலும் 16 சிறிய கொக்கிகள். கண்புள்ளிகள் இல்லை. உடலின் நடுவில் இன்னொரு ஜோடிக் கொக்கி தெளிவாகத் தெரிந்தது. அது வயிற்றில் இருக்கும் குட்டியின் கொக்கி. கைரோடாக்டிலஸ் என்ற தோல் தட்டைப்புழு முட்டை இடுவதில்லை, குட்டி போடும். அந்தக் குட்டிக்குள்ளேயே அடுத்த குட்டி வளரத் தொடங்கியிருக்கும். தொட்டிக்காரரையும் பார்க்கச் சொன்னேன். பல நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். ஒரே சில்லில் அப்படி நான்கு புழுக்கள். இக்கின் அடையாளமான, மெல்ல உருளும் வட்ட உடலும் அதனுள்ளே குதிரை லாட வடிவ உட்கருவும் எங்கேயும் இல்லை.

அதாவது முதல் சிகிச்சை வென்றிருக்கிறது. உரசலுக்குக் காரணம் வேறொரு ஆள். லிட்டருக்கு 2 கிராம் உப்பை நம்பி இந்தப் புழுவை ஒழிக்க முடியாது. இன்னும் ஒரு மாதம் உப்பிலேயே வைத்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. ஒன்பதாம் நாள் வீடியோவில் மூடிய அந்த ஒரு பக்கச் செவுளுக்கு எது காரணம், இக்கா புழுவா என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டுமே அதைச் செய்யும்.

இரண்டாவது சிகிச்சை

தட்டைப்புழுக்களுக்கு பிராஸிகுவான்டெல். லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் வீதம் 170 லிட்டருக்கு 425 மில்லிகிராம். இது தண்ணீரில் எளிதில் கரையாது, தூளை அப்படியே தூவினால் அடியில் படிந்து கிடக்கும். சிறிதளவு எத்தனாலில் கரைத்து, பிறகு ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரில் கலக்கி, ஃபில்டர் நீரோட்டத்தில் ஊற்றினோம். ஃபில்டரில் கரி இருந்தால் மருந்தை அது உறிஞ்சிவிடும், முன்கூட்டியே எடுத்தாயிற்று. ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

கைரோடாக்டிலஸ் குட்டி போடுவது என்பதால் கொள்கையளவில் ஒருமுறை மருந்தே போதும். ஆனால் நாங்கள் பார்த்தது தோலை மட்டும். செவுளில் டாக்டிலோகைரஸ் என்ற செவுள் தட்டைப்புழு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. 5 செ.மீ. மீனின் செவுளை வெட்டி எடுத்துப் பார்க்க எனக்கு மனமில்லை, அவசியமும் இல்லை. டாக்டிலோகைரஸ் முட்டையிடும் வகை. முட்டையை மருந்து தொடாது, அது பொரிந்து வரும்வரை காத்திருந்து மறுபடி கொடுக்க வேண்டும். அது இருப்பதாகவே எடுத்துக்கொண்டு ஒரு வார இடைவெளியில் மூன்று முறை கொடுத்தோம். ஒவ்வொரு முறைக்கும் முன் பாதித் தண்ணீர் மாற்றம், சரளை உறிஞ்சல்.

முதல் தவணைக்குப் பிறகு இரண்டு நாளில் உரசல் பெரும்பாலும் நின்றது. மூன்றாவது தவணை முடிந்து ஒரு வாரம் கழித்து ஒரு லோச்சையும் ஏஞ்சலையும் மறுபடி வழித்துப் பார்த்தேன், எதுவும் இல்லை. செடிகள் திரும்பி வந்தன. மொத்த இழப்பு 2 லோச், 3 டெட்ரா.

தனித்தொட்டியில் மாற்றியவை

இப்போது தனித்தொட்டியில் ஹீட்டர் இருக்கிறது, 26 டிகிரி. காலம் நான்கு வாரம். முதல் இரண்டு வாரம் எந்த மருந்தும் இல்லை, கவனிப்பு மட்டும். விளக்கைப் போடுவதற்கு முன், மீன்கள் இன்னும் அசையாமல் நிற்கும் நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது நல்லது. வெல்வெட் நோயின் பொன் தூசிப் படலம் அந்தக் கோணத்தில்தான் தெரியும். மலத்தைப் பார்க்க வேண்டும். ஆசனவாயில் சிவப்பு நூல் போல ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது கமல்லானஸ் புழு, அதற்கு பிராஸிகுவான்டெல் பயன்படாது, லெவாமிசோல் வேண்டும். ஒரு நிமிடத்தில் செவுள் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இயல்பு எண் தெரிந்தால்தான் அது மாறும்போது தெரியும். மூன்றாவது வாரம், ஏதும் தெரியாவிட்டாலும், தட்டைப்புழு மருந்து. வெளியே காட்டாமல் புழுவோடு வாழும் மீன்கள் மிக அதிகம் என்பதால் இந்த ஒன்றை மட்டும் முன்கூட்டிக் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். மற்ற மருந்துகளை அப்படிக் கொடுப்பதை ஆதரிக்கவில்லை.

வலை, குழாய், வாளி எல்லாம் தனித்தனி. ஏதாவது ஒன்றைப் பகிர்ந்தே ஆக வேண்டுமென்றால் முழுக்கக் காய்ந்த பிறகு. காய்ந்த பொருளில் இக்கின் எந்தக் கட்டமும் பிழைக்காது. வாங்கி வந்த பையின் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.

கடைசி வாரத்தில் பெரிய தொட்டியிலிருந்து ஒரு மீனைத் தனித்தொட்டியில் விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. புதிய மீன்களிடம் மறைந்திருப்பது பழைய மீனில் வெளிப்படும். நல்ல முறைதான், ஆனால் விடும் மீன் அந்த நோயை முன்பு பார்த்திராததாக இருக்க வேண்டும். இந்தத் தொட்டியில் இப்போது அப்படி ஒரு மீன்கூட இல்லை. எல்லாமே பிழைத்தவை, எல்லாவற்றுக்கும் எதிர்ப்பு இருக்கிறது. அதனால் இங்கே அது சோதனையாகாது.

இதே காரணத்தால் இன்னொரு கேள்வி எழுந்தது. லோச் கூட்டமாக வாழும் மீன், மிஞ்சியது நான்கு. இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும் என்றார். இம்முறை ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. புதியவை எதையாவது கொண்டுவரலாம். பழையவற்றின் செவுளில் ஏதாவது மிச்சமிருந்தால், எதிர்ப்பு இல்லாத புதிய லோச்சில் அது கொழுந்துவிட்டு எரியும். 30 டிகிரியில் இரண்டரை வாரம் உப்போடு இருந்த தொட்டியில் அதற்கு வாய்ப்பு குறைவு என்பது என் கணிப்பு. தோலை வழித்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்பது செவுளில் ஒன்றுமில்லை என்பதற்கு உத்தரவாதம் ஆகாது என்பதையும் அவரிடம் சொன்னேன். இரண்டு மாதம் பொறுத்திருந்து, பழையவற்றில் உரசலோ செவுள் வேகமோ இல்லை என்பதைப் பார்த்த பிறகு வாங்கினார். புதிய இரண்டும் இப்போது தனித்தொட்டியில் மூன்றாவது வாரத்தில் இருக்கின்றன. இரண்டாவது வாரம் வழித்துப் பார்த்த சளியில் கைரோடாக்டிலஸ் இருந்தது. பிராஸிகுவான்டெல் முதல் தவணை 40 லிட்டர் தண்ணீரில், 100 மில்லிகிராமில் முடிந்துவிட்டது.